எட்டுப் பட்டைப் போர்வை

செங்கல்பட்டு
14.9.2024

பிரிசில்லா,

எப்போதும் மேலே ஸ்தோத்திரம் எழுதிவிட்டுத்தான் உனக்குக் கடிதம் தொடங்குவேன். இன்றைக்கு எழுதவில்லை. மனதில் இல்லாததைக் காகிதத்தில் எழுத எனக்கு வராது.

உன் அண்ணனை அடக்கம் செய்து இன்றோடு ஒரு மாதம். நேற்று ஜெஸ்ஸியின் பாஸ்போர்ட்டை எடுக்க பீரோவைத் திறந்தேன். மேல் தட்டு காலி. பிளாஸ்டிக் உறை மட்டும் நாலாக மடித்து வைத்திருந்தது. திருடன் உறையை மடித்து வைத்துவிட்டுப் போவானா? வீடு முழுக்கத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், அவருடைய ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருந்த மூலையில்கூடத் தேடினேன். பைத்தியக்காரி மாதிரி தேடுவதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு சந்திரம்மா வாயைத் திறந்தாள்.

"இன்னா ஹெலனு, உனுக்குத் தெரியாதா? படாளத்துல பொட்டிய மூடறதுக்கு முன்னால உன் நாத்தனாருதான் பையிலேர்ந்து எடுத்துப் போத்துச்சு. நீ குடுத்து வுட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் மயங்கி விழுந்து, கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டு, இங்கே கிடந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து என் பீரோவைத் திறந்து என் போர்வையைப் பையில் போட்டிருக்கிறாய்.

நீ எதைப் புதைத்தாய் என்று உனக்குத் தெரிய வேண்டும். அது இரண்டு வருஷ வேலை. ஜெஸ்ஸி அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள், அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும் என்று அவளுக்காகப் பின்னியது. எட்டுப் பட்டை, எட்டு விதப் பின்னல். கால்மாட்டில் ஒற்றைப் பின்னல், கட்டு விடாமல் இருக்க. அடுத்தது சிப்பி. நான் கல்யாணமாகி படாளத்துக்கு வந்த வருஷம் நீ கற்றுக்கொடுத்த அதே சிப்பிதான். மூன்றாவது கூடைப் பின்னல். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அது. தூணைச் சுற்றுகிற மாதிரி முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் குரோஷா கொக்கியை விட்டு எடுக்க வேண்டும். இரண்டு மடங்கு உல்லன் குடிக்கும். ஆனால் கையில் எடுத்தால் கனமாக, உறுதியாக நிற்கும். நான்காவது கடல் பச்சையில் அலைப் பின்னல். அதை ஆறு முறை உருவி ஆறு முறை போட்டேன். ஜெஸ்ஸி சின்னதில் விரலால் அமுக்கி விளையாடுவாளே, அந்த பாப்கார்ன் குமிழ் ஐந்தாவது. மீதி மூன்றையும் எழுதக் கை வரவில்லை.

போனில் கேட்டால் நீ அழுவாய். நீ அழுதால் நான் நிறுத்திவிடுவேன். வாட்ஸப்பில் எழுதினால் ஜெஸ்ஸி பார்ப்பாள். அதனால்தான் தபால்.

ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது.

ஹெலன்

*

திருவிடந்தை
19.9.2024

அண்ணிக்கு,

ஆமாம், நான்தான் எடுத்தேன். சந்திரம்மாவிடம் விசாரணை நடத்தியிருக்க வேண்டாம். என்னையே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஏன் என்று கேட்கிறீர்களே, ஜூலை மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை மறந்துவிட்டதா? நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நான் அண்ணனுக்கு இறால் தொக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். ஃபேனை நிறுத்திவிட்டுப் படுத்திருந்தார். வெளியே கொளுத்துகிற வெயில், அவருக்கு உடம்பு நடுங்கியது. என்னிடம் சொன்னார், "பிரிசி, பீரோவுல ஒரு போர்வ கீது பாரு. உங்கண்ணி போட்டது. அந்தாண்ட சமையக்கட்டுல குந்திக்கினு போட்டுக்கினே இருக்கும், நான் இங்கேர்ந்து பாத்துக்கினே இருப்பேன். ஒரே ஒரு தபா போத்திக்கணும்னு ஆசயா கீது."

நாற்பத்தொன்பது வயது மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். எடுத்தேன். உறையைப் பிரித்து, உதறி, கால்வரை கொண்டுபோகும்போது நீங்கள் உள்ளே வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா பண்ற நீ? அத்த உள்ள வை. அது இவருக்கு இல்ல" என்று என் கையிலிருந்து பிடுங்கினீர்கள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

நான் ரிசார்ட்டில் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கட்டிலுக்குப் போர்வை விரிக்கிறேன். யாரோ எவரோ வந்து ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதற்கு. என் கூடப் பிறந்தவருக்கு ஒரு போர்வை விரிக்க எனக்கு உரிமை இல்லை. அது அவருக்கு இல்லை. சரி, இப்போது அவருக்கு ஆகிவிட்டது. என்ன செய்யப் போகிறீர்கள்?

பின்னலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். உங்கள் கையில் கொக்கியைக் கொடுத்ததே நான்தான். உங்களுக்குக் கூடைப் பின்னல் பிடிக்கும், ஏன் பிடிக்காது? இறுக்கம், இறுக்கம், எல்லாமே இறுக்கம். விரல் நுழையாது, காற்று நுழையாது. அது போர்வை இல்லை, மிதியடி. அலை அப்படி இல்லை. ஒரே நூல், ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும், ஒட்டுப் போட வேண்டாம், உடம்பு எப்படிக் கிடக்கிறதோ அப்படி விழும். நீங்கள் ஆறு முறை உருவினதில் ஆச்சரியமே இல்லை.

ஜெஸ்ஸிக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதானே? நான் போட்டுத் தருகிறேன். முழுக்க அலை. ஜனவரிக்குள் முடித்துவிடுவேன். நேற்றே ஆரம்பித்துவிட்டேன்.

பிரிசில்லா

*

செங்கல்பட்டு
23.9.2024

பிரிசில்லா,

நீ போடுகிற அலை எனக்கு வேண்டாம். உன் அலை மூன்றாவது வரிசையிலேயே சாயும், ஏனென்றால் நீ எண்ண மாட்டாய். மேட்டில் இரண்டு கூட்ட வேண்டும், பள்ளத்தில் இரண்டு விட வேண்டும். ஒரு இடத்தில் தப்பினால் பத்து வரிசைக்கு மேலே போய்த்தான் கோணல் தெரியும். நீ எதையும் பாதியில் பார்த்துவிட்டு முழுக்கத் தெரிந்த மாதிரி பேசுகிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் செய்தாய்.

நான் கஞ்சத்தனத்தில் பிடுங்கினேன் என்று ஒரு மாதமாக மனதில் வைத்துக்கொண்டு, பிணத்தின் மேல் கொண்டுபோய்த் தீர்த்துக்கொண்டாய். கேள். டாக்டர் அந்த அறைக்குள் உல்லன் துணி, தலையணைப் பஞ்சு, சாம்பிராணி எதுவுமே கூடாது என்று சொல்லியிருந்தார். நூலிலிருந்து பறக்கிற பிசிறு மூச்சுக்குழலில் போனால் அன்றைக்கே அடைத்துவிடும் என்றார். நான் எதற்குச் சமையற்கட்டில் உட்கார்ந்து பின்னினேன்? அங்கே காற்று நன்றாக வருகிறது என்றா? பின்னி முடித்துவிட்டுக் கையைக் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டுதான் அவரிடம் போவேன். நீ முகத்துக்கு நேராகப் போர்வையை உதறிக்கொண்டு நிற்கிறாய். நான் என்ன, உனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டுமா?

அவர் போர்த்திக்கொள்ள ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்கவே இல்லை. அதை உன் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீசிங், வீசிங் என்று ஊர் முழுக்கச் சொன்னோமே, அது வீசிங் இல்லை. கல்தூசி. மாமல்லபுரம் பட்டறையில் இருபத்தாறு வருஷம் மெஷின் வைத்துக் கல் அறுத்தாரே, அந்தத் தூசி நுரையீரலில் படிந்து, அதுவே கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. 2022 மார்ச்சில் ஸ்கேன் எடுத்தபோதே சொல்லிவிட்டார்கள். மருந்து கிடையாது என்றார்கள்.

மேலே உள்ள நாலு வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இவ்வளவு நாள் அடித்துக்கொண்டே இருந்தது போதும். உன் வீட்டுக்காரர் பூபாலனை ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்.

ஹெலன்

*

திருவிடந்தை
28.9.2024

அண்ணி,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஏதோ எனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். புரிந்தது.

2022 மார்ச். இப்போது 2024 செப்டம்பர். இரண்டரை வருஷம்!

என் புருஷன் அதே பட்டறையில், அதே மெஷினில், அண்ணன் நின்ற அதே இடத்தில் நின்று கல் அறுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் டிபன் பாக்ஸ் கட்டி நான்தான் பஸ் ஏற்றிவிடுகிறேன். சாயங்காலம் வந்து தலையை உதறினால் வாசல் வெள்ளையாகும். அதை நான் துடைப்பத்தால் பெருக்குகிறேன். என் பிள்ளைகள் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. மூன்று மாதமாக இருமுகிறார், கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த இரண்டரை வருஷத்தில் நீங்கள் எனக்கு எத்தனை முறை போன் செய்தீர்கள்? வாரம் ஒரு முறை. சிப்பிக்கு எத்தனை கண்ணி, அலைக்கு எத்தனை சங்கிலி, பட்டையை ஒட்டும்போது ஊசியா கொக்கியா. எவ்வளவு கேட்டீர்கள்! நானும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணிக்கு நான் வேண்டியவள் என்று நினைத்தேன்.

நான் ஒரு போர்வையை எடுத்தேன். உல்லன். கடையில் கிடைக்கும். நீங்கள் என்ன எடுத்தீர்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஜெஸ்ஸிக்கு ஆரம்பித்த அலை இருபது வரிசை வந்திருந்தது. கொக்கியை எடுத்துவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. கால்மாட்டில் நூல் குவியலாகக் கிடக்கிறது. சுற்றி வைக்கக்கூட மனமில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

*

செங்கல்பட்டு
5.10.2024

பிரிசில்லா,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

ஸ்கேன் எடுத்த அன்று திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "பூபாலன நான்தான் இட்டுக்கினு போய் அங்க சேத்தேன். பிரிசி கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பதில் சொல்லுவேன்? நீ வாயத் தொறக்கக் கூடாது. என் மேல சத்தியம்." பூபாலனை எப்படியாவது வேறு வேலைக்கு மாற்றிவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். இரண்டு மூன்று இடத்தில் கேட்டும் பார்த்தார். உன் வீட்டுக்காரரிடம் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பூபாலன் சிரித்தாராம். அதற்குப் பிறகு இவருக்கு எழுந்து நடக்கவே முடியாமல் போயிற்று.

இதெல்லாம் அவருடைய காரணம். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. சத்தியத்துக்குப் பயந்தேன் என்று எழுதலாம். அது முழு உண்மை இல்லை. நீ அவரை வெறுத்துவிடுவாய், ஞாயிற்றுக்கிழமை வர மாட்டாய், அவர் உன் வருகைக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

நீ கேட்டாய், எத்தனை முறை போன் செய்தீர்கள் என்று. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடத்தான் போனை எடுத்தேன். நீ "சொல்லுங்க அண்ணி" என்பாய். அலைக்கு எத்தனை சங்கிலி என்று கேட்பேன். பதினாலின் மடங்கு, கூட மூன்று. அது எனக்கு முதல் நாளே தெரியும், பிரிசில்லா. முப்பது முறை கேட்டிருப்பேன். நீ ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. வைத்துவிட்டு, கேட்டதற்காகவாவது போட வேண்டுமே என்று ஒரு பட்டையை ஆரம்பிப்பேன். அந்தப் போர்வை வளர்ந்தது அப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சத்துணவு போடுகிறேன். முட்டை கொஞ்சம் கெட்ட வாடை அடித்தாலும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஹெட்மாஸ்டரிடம் சண்டைக்கு நிற்பேன். உன் பிள்ளைகளின் அப்பா விஷயத்தில் இரண்டரை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

எக்ஸ்ரே எடுத்தாயா? அதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

ஹெலன்

*

திருவிடந்தை
21.10.2024

அண்ணிக்கு,

யாரிடமும் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை. நானே எழுதுகிறேன்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எல்லாம் ஆயிற்று. இரண்டு பக்கமும் மேலே புள்ளி புள்ளியாக இருக்கிறது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். ஆரம்பம் என்றார். இருப்பது போகாது, ஆனால் இன்றோடு தூசியை விட்டால் இதோடு நிற்க வாய்ப்பு உண்டு என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

உங்கள் கடிதத்தைப் பூபாலனிடம் படித்துக் காட்டினேன். அவர் கத்துவார், பாத்திரத்தை வீசுவார் என்று நினைத்தேன். வீசட்டும் என்றுதான் படித்தேன். வீசவில்லை. "மச்சான் அந்த ஈரத்துணி விசயத்த எத்தினி தபா சொன்னாரு தெரியுமா? ஒரு நாளு பட்டறைக்கே ஆட்டோ வெச்சிக்கினு வந்து என் மூஞ்சில அவரே கட்டி வுட்டாரு. பசங்கெல்லாம் சிரிச்சானுங்க. நான் அவுத்துப் போட்டுட்டேன்" என்றார். பிறகு, "சொல்லியிருக்கணும். ரெண்டு பேருமே சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அண்ணனோடு சண்டை போட முடியாது. போய்ச் சேர்ந்துவிட்டார், நல்ல மனுஷன், எல்லாரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. மிச்சம் இருப்பது நீங்கள்தான். ஆகவே உங்கள் மேல்தான் படுவேன். பல நாளைக்குப் படுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டறையை விட்டுவிட்டார். எங்கள் ரிசார்ட்டிலேயே தோட்ட வேலைக்குச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரத்திலிருந்து வரச் சொன்னார்கள். சம்பளம் குறைவு. காற்று நல்ல காற்று.

பிரிசில்லா

*

செங்கல்பட்டு
22.1.2025

பிரிசில்லா,

ஞாயிற்றுக்கிழமை ஜெஸ்ஸி புறப்பட்டுப் போனாள். நீ ஏர்போர்ட்டுக்கு வராததை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே வந்து பார்த்துவிட்டுப் போனாய் என்று சந்திரம்மா சொன்னாள், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

ஒன்று நடந்தது. உன்னிடம் எதையும் சொல்லாமல் வைத்துக்கொள்ள இனி நான் தயாராக இல்லை. பெட்டி கட்டும்போது தராசு வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. "இன்னேரம் அந்தப் போர்வ இருந்திருந்தா இந்தப் பெட்டில மடிச்சி வெச்சிருப்பேன்" என்று உன்னைத் திட்டினேன். அவள் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, சொன்னா கோச்சிக்காத. அது மூணே முக்கா கிலோ. நான் அத்த எடுத்துக்கினு போறதா இல்ல. அங்க ரூமுல ஹீட்டரு கீதாம். நீ ஆசயா போட்டுக்கினு இருந்தியா, உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு" என்றாள்.

அவள் மேலும் கோபம்தான். கூடுவாஞ்சேரி தாண்டுகிறவரைக்கும் அவளோடு பேசவில்லை. மகள் கடல் தாண்டிப் போகிறாள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். என் வீட்டில் எல்லாரும் எனக்குப் பயந்து எதையோ மறைத்திருக்கிறார்கள். அவர் ஆசையை மறைத்தார். இவள் வேண்டாம் என்பதை மறைத்தாள். நான் அப்படி என்ன செய்துவிட்டேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

எட்டுப் பட்டையில் ஒன்றுகூட அவளுக்கு வேண்டாம். அந்தப் போர்வையைக் கேட்ட ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அது அவரிடம் போய்ச் சேர்ந்ததற்கு நீதான் காரணம். இதை எழுதக் கசக்கிறது. கேட்காமல் எடுத்தாய், அந்தக் கோபம் எனக்கு அப்படியேதான் இருக்கிறது. உன் கோபத்தை விட்டுவிடு என்று நானும் கேட்க மாட்டேன். அது தீரக் கூடாத கோபம்.

ஒரு கேள்வி மட்டும். நான் அதில் நூல் முனைகளை இன்னும் உள்ளே செருகி முடிக்கவில்லை. பின்பக்கம் முழுக்க முடிச்சும் முனையுமாக இருந்தது. ஜெஸ்ஸி புறப்படுவதற்குள் உட்கார்ந்து செருகிவிடலாம் என்று விட்டிருந்தேன். கடைசியில் அவர் தோல் காகிதம் மாதிரி ஆகியிருந்தது உனக்குத் தெரியும். படுக்கை விரிப்பின் மடிப்பு பட்டால்கூடப் புண்ணாகும். எந்தப் பக்கம் அவர் மேல் பட்டது? முட்டாள்தனமான கேள்வி என்று எனக்கே தெரியும். மண்ணுக்குள் போனவருக்கு என்ன என்று நீ கேட்கலாம். இருந்தாலும் படுத்தால் அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஹெலன்

*

திருவிடந்தை
27.1.2025

அண்ணிக்கு,

முடிச்சுப் பக்கம் மேலே இருந்தது.

பையிலிருந்து எடுக்கும்போதே கையில் முனைகள் தட்டுப்பட்டன. பார்த்தேன், நீங்கள் செருகவில்லை. அதனால் திருப்பிப் போட்டேன். குழி வெட்டின சின்னராசு தாத்தா பக்கத்தில் நின்றுகொண்டு, "யம்மா, மாத்திப் போட்டுட்ட பாரு, பூ வேல எல்லாம் உள்ளார போய்டுச்சே, ஜனங்க பாக்கறாங்கோ" என்றார். "பாக்கறவங்களுக்கு இன்னா தாத்தா, அவருக்கு உறுத்தாம இருக்கட்டும்" என்றேன். கழுத்துவரைக்கும் ஏற்றிவிட்டேன். கூடைப் பட்டை காலில் வந்தது. நல்ல கனம். காலை அமுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. மிதியடி என்று எழுதினேன், அது தப்பு.

பூபாலனுக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டில் மறுபடியும் எக்ஸ்ரே. ஏழு மணிக்கு டோக்கன் கொடுப்பார்கள், பதினொன்று, பன்னிரண்டு வரைக்கும் உட்கார வைப்பார்கள். போன முறை அவர் தனியாகக் கை பிசைந்துகொண்டு இருந்தார், நான் கவுண்டருக்கும் லேபுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்ல முடியுமானால் வாருங்கள்.

வந்தால் அவர் பக்கத்தில் உட்காருங்கள். என் பக்கத்தில் வேண்டாம்.

பிரிசில்லா